கன மீட்டர்

மரீன் பரேட், பதினேழாம் மாடி,
விடிகாலை மூன்று மணி.
உம்பிரியாவில் இப்போது இரவுச் சாப்பாடு நடக்கும்.
என் வயிறு இன்னும் அந்த மேசையில் இருக்கிறது,
கால் மட்டும் வந்து சேர்ந்து வலிக்கிறது.

பதினோரு நாள், ஒன்பது மலையூர்.
பங்கிலிருந்து முப்பத்து நான்கு பேர்.
ஃபாதர் சேசுராஜ் முன்னால் குடையை உயர்த்தி நடப்பார்,
நாங்கள் செபமாலையும் தைலப் போத்தலுமாய்ப் பின்னால்.
அசிசியில், கல்லறைக்கு முன்,
உலக சமாதானத்துக்கு ஒரு நிமிடம்,
முட்டிக்குப் பத்து நிமிடம் கேட்டேன்.

என் வீட்டுக்காரர்
ஒவ்வோர் ஊர் வாசலிலும் நின்றுவிடுவார்.
கோபுரத்தைப் பார்க்கமாட்டார்,
அடிவாரத்தைப் பார்ப்பார்.
ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி.
உதடு அசையும்.
செபம் என்று நினைத்து
ரொசலின் அக்காகூட ஒருமுறை சிலுவை போட்டுக்கொண்டார்.
எனக்குத் தெரியும் அது என்னவென்று.
'பதினெட்டு மில்லியன் கன மீட்டர்,' என்றார்
தோதி ஊருக்குக் கீழே.
'பாறையைக் கழித்தால் பன்னிரண்டு.'

இஞ்ஞாசிமுத்து. நில அளவையாளர், பணி ஓய்வு.
இருபத்திரண்டு வயதில்
பிடோக்கில் ஒரு குன்றின் உச்சியில் முக்காலி நட்டவர்.
முக்காலியை மடக்கும்போது உச்சி இல்லை.
மண் வார்ப்பட்டையில் ஏறிப் போய்க்
கடலுக்குள் படுத்துக்கொண்டது.
அதன் மேல்தான் எங்கள் புளோக்,
கார் நிறுத்துமிடம், கோப்பிக் கடை, எல்லாம்.

ஓர்வியெத்தோவில்
இரத்தக் கறை படிந்த திருமேனித்துகிலுக்கு முன்
நாங்கள் முழங்காலில்.
இவர் கிணற்றுக்குள்.
இருநூற்று நாற்பத்தெட்டுப் படி.
இறங்கும் கழுதையும் ஏறும் கழுதையும்
முகம் பார்த்துக்கொள்ளாத இரட்டைச் சுழல்.
மூச்சு வாங்க மேலே வந்து சொன்னார்:
'வெட்டத் தெரியாதவர்கள் இல்லை.
வெட்டத் தெரிந்தும் விட்டிருக்கிறார்கள்.'
பாவசங்கீர்த்தனம் மாதிரி இருந்தது.
நான் குருவானவர் இல்லை,
டிக்கெட் எவ்வளவு என்று கேட்டேன்.

கடைசி ஊரில் மொத்தமே ஒன்பது பேர், பூனைகள் நிறைய.
ஒவ்வொரு மழைக்கும் விளிம்பு கொஞ்சம் உதிருமாம்,
வழிகாட்டிப் பெண் சொன்னாள்.
'உதிர்ந்த மண்ணை என்ன செய்வீர்கள்?'
அவளுக்குக் கேள்வி புரியவில்லை.
மறுபடியும் கேட்டார்.
'ஒன்றும் செய்வதில்லை.
கீழே கிடக்கும்.'

அன்றிரவு இவர் தூங்கவில்லை.
ஹீட்டர் முனகும் அறையில்
கூரையைப் பார்த்தபடி,
'கிடக்குமாம்,' என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும்,
'சும்மா கிடக்குமாம், ஃபிலோ.'

இப்போது பெட்டியின் அடியில்,
சுருட்டிய காலுறைக்குள்,
என் செபமாலை டப்பா.
திறந்தால் செம்பழுப்பில் ஒரு பிடி மண்.
'சாங்கியில் பிடித்திருந்தால்?'
'புனித மண் என்று சொல்லியிருப்பேன்.'
'எந்தப் புனிதர்?'
பதில் இல்லை. டப்பாவை வாங்கிக்கொண்டார்.
செபமாலை எங்கே போனது என்று
இன்னும் நான் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு மின்தூக்கி சத்தம்.
தாழ்வாரக் கம்பி வழியே எட்டிப் பார்க்கிறேன்.
முதல் பேருந்து விளக்கோடு திரும்புகிறது,
கீழே, புல்வெளியோரம், பனியனோடு ஒரு சின்ன உருவம்.
குனிகிறார்.
விதைக்கிறவர் போலவும் இல்லை,
புதைக்கிறவர் போலவும் இல்லை,
கடன் வாங்கிய சர்க்கரையைத் திருப்பிக் கொடுக்கிற
அண்டைவீட்டுக்காரர் போல,
கொஞ்சம் கூச்சத்தோடு
டப்பாவைத் தட்டித் தட்டிக் கொட்டுகிறார்.

நிமிர்ந்து, பின்னால் நாலடி நகர்ந்து,
புளோக்கை அண்ணாந்து பார்க்கிறார்.
ஒரு கண் மூடுகிறது.
கட்டைவிரல் நீள்கிறது, என் உயரம் வரைக்கும்.

மேலே வரட்டும், கேட்கவேண்டும்
கணக்கில் என்னைச் சேர்த்தாரா
கழித்தாரா என்று.